அம்பாள் காலடியில் இருநூற்றுப் பதினேழு

ஓடித் தோற்றவர்களைப் பார்த்திருப்பீர்கள். காவிரிக்கு அக்கரையில் கோயில் தூணில் சாய்ந்து பூவன்பழம் தின்றபடியே, இக்கரையில் ஓட இருந்த ஒருத்தியைத் தோற்கடித்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன். அந்த ஒருத்தி என் மருமகள் தேன்மொழி. இன்றைக்கும் அவளைப் பார்க்க வருகிறவர்கள் என் பக்கம் திரும்பி, "அந்த மாமியார் நீங்கதானா?" என்று கேட்டால் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் போய் நிற்பேன்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதுக்கு உரிய புத்தி வந்திருக்க வேண்டும். அது முசிறியிலேயே பஸ் ஏறாமல் நின்றுவிட்டது போலிருக்கிறது.

எங்களுக்கு முசிறிப் பக்கம் வாழைத்தோட்டம். என் வீட்டுக்காரர் தோட்டத்தை விட்டு அசைய மாட்டார். பையன் குமாருக்குத் திருச்சியில் தொழிற்சாலை வேலை, கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ். நான் பாதி மாதம் அங்கே, பாதி மாதம் இங்கே.

தேன்மொழியைப் பெண் பார்க்கப் போனபோது அவர்கள் வீட்டு அலமாரி முழுக்க வெள்ளி நிறத்தில் கப்பும் தட்டுமாக இருந்தன. பாத்திரக்கடை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (நிஜமாக. திரும்பி வரும்போது, "கடை எந்தத் தெருவுல?" என்று குமாரிடம் கேட்டும்விட்டேன்.) அவன்தான் சொன்னான், பெண் நூறு மீட்டர் ஓட்டத்தில் தமிழ்நாட்டுக்கே முதலாவதாக வந்தவள் என்று. நூறு மீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். நம் தோட்டத்து மோட்டார் கொட்டகையிலிருந்து கிணறு வரைக்கும் என்றான். அந்தத் தூரத்தைத்தான் நான் தினமும் நாலு தடவை நடக்கிறேனே, அதற்கா இத்தனை கப் என்று எனக்குப் புரியவில்லை.

கல்யாணமான மூன்றாம் மாதம் அவளுக்குத் தொடையில் தசை கிழிந்துபோனது. ஒன்றரை வருஷம் பந்தயம் எதிலும் ஓட முடியவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆயிட்டா அவ்ளோதாங்க, இனிமே என்ன ஓட்டம்" என்று ஆறுதல் மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் விடிவதற்கு முன்னால் எழுந்து போய் ஓடிப் பழகிவிட்டு, நான் காபி போடும் நேரத்துக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்பாள்.

அப்புறம் அந்தப் பந்தயம் வந்தது. மாநில அளவில் நடப்பது, அந்த வருஷம் நம் திருச்சியிலேயே. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் தமிழ்நாட்டுக்காக வெளி மாநிலம் போய் ஓடலாம். வராவிட்டால் ஒன்றும் இல்லை. அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் வேறொரு சின்னப் பெண்ணைத் தயார் செய்ய ஆரம்பித்திருந்தார். முதல் நாள் சாயங்காலம் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே தேன்மொழி என்னிடம் சொன்னாள்:

"இதுல வரலேன்னா நானே நிறுத்திடுவேன் அத்தை."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தைத் தூக்கவே இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்? ஓட்டம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மோட்டார் கொட்டகையும் கிணறும்தான். அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். திருவானைக்காவல் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "தாயே அகிலாண்டேஸ்வரி, எம் மருமக ஜெயிச்சா அவ நெஞ்சுல குத்தியிருக்கிற நம்பரை அன்னைக்கே கொண்டாந்து உன் காலடியில வச்சு எடுத்துட்டு வரேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அது வழக்கம். கல்யாணப் பத்திரிகை, குமாரின் பரீட்சை ஹால் டிக்கெட், வேலைக்கு வந்த உத்தரவு, புது மோட்டாரின் பில் என்று சாமி காலடியில் வைத்து எடுக்காத காகிதமே கிடையாது. வைப்பது எவ்வளவு முக்கியமோ, திரும்ப எடுப்பதும் அவ்வளவு முக்கியம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கவிழ்த்தது இதுதான்.

மறுநாள் குமாருக்கு ஷிப்ட். லீவு கிடைக்கவில்லை. துணைக்கு என்னை அனுப்பினான். "அம்மா, நீ சும்மா பக்கத்துல இரு. பையைப் பாத்துக்க. அது ஒண்ணுதான் உனக்கு வேலை" என்றான். நினைத்துப் பாருங்கள், ஒரே ஒரு வேலை.

பையில் அவளுடைய ஓட்ட ஷூ இருந்தது. அடியில் முள் முள்ளாக ஆணி வைத்திருக்கும். மாற்றுத்துணி, தண்ணீர் பாட்டில், நம் தோட்டத்துப் பூவன்பழம் ஒரு சீப்பு. "பழத்த நடுவுல சாப்பிடுவேன் அத்தை" என்றாள். எதற்கும் எதற்கும் நடுவில் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூச்சம். மருமகளிடம் என்ன கூச்சம் என்பீர்கள். எனக்கு என் வீட்டுப் பசுமாட்டிடம்கூடக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

மைதானத்தில் போய் உட்கார்ந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பக்கம் குண்டு எறிகிறார்கள். ஒரு பக்கம் ஒருத்தி ஓடிப்போய் மணலில் விழுகிறாள், அவளைத் தூக்கிவிடாமல் டேப் வைத்து அளக்கிறார்கள். மைக்கில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். பாதி இங்கிலீஷ், மீதி இரைச்சல். பத்து மணிக்கு எட்டுப் பெண்கள் வந்து கோட்டில் நாலு காலில் குனிந்தார்கள். நாலாவது கோட்டில் தேன்மொழி, நெஞ்சில் 217. துப்பாக்கி வெடித்தது. நான் தலைக்கு மேல் பையை வைத்துக்கொண்டு குனிந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் பத்தடி ஓடிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் பயந்துவிட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அப்புறம் ஒரு பெண்ணை மட்டும் வெளியே போகச் சொன்னார்கள். முன்னால் ஓடியதற்காம். முன்னால் ஓடுவதற்குத்தானே கூட்டிவந்தார்கள்?

மறுபடி வெடித்தது. இந்தத் தடவை கண்ணை மட்டும் மூடினேன். திறப்பதற்குள் தேன்மொழி முடித்துவிட்டாள். எல்லாருக்கும் முன்னால். பக்கத்திலிருந்தவர்கள் கை தட்டினார்கள். மாஸ்டர் ஓடிப்போய் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றரை வருஷம் விடியற்காலையில் எழுந்த பெண். ஜெயித்துவிட்டாள். முடிந்தது.

(முடியவில்லை. அது ஹீட்ஸ். நிறையப் பேர் வந்திருந்தால் கூட்டம் கூட்டமாக ஓடவிட்டு, நன்றாக ஓடிய எட்டுப் பேரைப் பொறுக்கி, மதியம் திரும்ப ஓட விடுவார்களாம். அதுதான் ஃபைனல். இன்றைக்கு இதை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நிச்சயதார்த்தத்தைக் கல்யாணம் என்று நினைத்துப் பந்தலைப் பிரித்தவளாக அன்றைக்கு இருந்தேன்.)

தேன்மொழி வந்து ஷூவைக் கழற்றிப் பையில் போட்டாள். வேர்வையில் நனைந்த பனியனைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டுக்கொண்டாள். நம்பர் குத்திய அந்தப் பனியனை என்னிடம் கொடுத்து, "இத கொஞ்சம் காய வைங்க அத்தை, மாஸ்டரப் பாத்துட்டு வரேன்" என்று போனாள். நான் பனியனை வெயிலில் விரித்தேன். 217 என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். அன்றைக்கே கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள்.

நாலு ஊக்கையும் கழற்றி, வழக்கம் போலத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டேன். நம்பரை மடித்து முந்தானையில் முடிந்தேன். பையைத் தோளில் போட்டேன். பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறானே, விட்டுவிட்டா போக முடியும்?

சொல்லிக்கொண்டு போகலாம் என்று பார்த்தால், தேன்மொழியைச் சுற்றி விசில் மாட்டிய ஆண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அந்தக் கூட்டத்துக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. தூரத்திலிருந்தே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக் காட்டினேன். கோயிலுக்குப் போகிறேன் என்று அர்த்தம். அவளும் பார்த்துத் தலையை ஆட்டினாள். அத்தை சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாளாம். இப்படியாக இருவருக்கும் திருப்தி.

பெரிய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோய் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது பைக்குள் போன் அடித்தது. தேன்மொழியின் போன், விரலால் தேய்க்கிற போன். என் பட்டன் போனைத் தொலைத்துவிடுவேன் என்று வீட்டில் அரிசி டின்னில் வைத்துவிட்டு வந்திருந்தேன். இதை எடுத்து அமுக்கிப் பார்த்தேன், குத்திப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஜெயித்த பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று பையிலேயே திரும்பப் போட்டுவிட்டேன். காவிரிப் பாலத்தில் இன்னும் மூன்று தடவை அடித்தது. பக்கத்து சீட்டு அம்மாளிடம் பெருமையாக, "மருமகளுக்கு வந்துக்கிட்டே இருக்குது" என்றேன். முன்பின் தெரியாதவர்களிடம் நானாகப் பேசியது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

திருவானைக்காவலில் இறங்கினேன். பைக்குள் ஷூ இருக்கிறது, அதை உள்ளே கொண்டுபோகக் கூடாது. என் செருப்போடு பையையும் வாசலில் செருப்புக் காவல் பார்க்கும் அம்மாளிடம் கொடுத்தேன். பழச் சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அம்பாள் சன்னதியில் கூட்டம். என் முறை வந்ததும் முந்தானையை அவிழ்த்து நம்பரை நீட்டினேன். குருக்கள் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். துணியாகவும் இல்லாமல் காகிதமாகவும் இல்லாமல் ஒரு சாமான், அதில் 217.

"என்னம்மா இது, ஆஸ்பத்திரியில குடுத்ததா?"

"இல்லீங்க சாமி. மருமக ஓடுனது."

பின்னால் நின்ற இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் ஓடிப்போன வீட்டுக்காரி என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. குருக்கள் கருணையோடு அதைத் தட்டில் வைத்து உள்ளே எடுத்துப்போய், அம்பாள் காலடியில் வைத்தார். பூஜை முடிந்ததும் தருவதாகச் சொன்னார். உச்சிக்கால பூஜைக்காகத் திரை விழுந்தது.

அந்தப் பூஜையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குருக்கள் புடவை உடுத்தி, கிரீடம் வைத்து, அம்பாளாகவே சுவாமி சன்னதிக்குப் புறப்படுவார். மேளம் முன்னால் போகும். நான் ஓரமாக ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். மனசு நிறைந்திருந்தது. பசித்தது. பந்தயம்தான் முடிந்துவிட்டதே என்று தேன்மொழிக்குக் கொண்டுவந்த பழத்தில் ஒன்றைத் தின்றேன். நன்றாக இருந்ததால் இன்னொன்றும். இங்கே முடித்துவிட்டு அப்படியே ஸ்ரீரங்கம் போய்ப் பெருமாளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சாயங்காலமாக வீடு போய்ச் சேரலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் செருப்புக் காவல் அம்மாள் உள்ளே வந்தாள். வரும்போதே மேளச் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

"தேன்மொழி மாமியார் யாருங்க? ஓட்டப்பந்தயம் இன்னும் முடியலியாம். ஷூவக் கேக்குறாங்க."

பிரகாரத்தில் இருந்த அத்தனை பேரும் தேன்மொழி மாமியாரைத் தேடினார்கள். நானும் தேடினேன். (வேறு யாராவது இருக்க மாட்டார்களா என்று ஒரு ஆசை.) கையில் பாதிப் பழத்தோடு எழுந்து நின்றேன்.

பைக்குள் போன் பத்து தடவை அடித்திருக்கிறது. பொறுக்க முடியாமல் அவளே எடுத்துப் பேசிவிட்டாள். வாசலுக்கு ஓடிப்போய்ப் போனை வாங்கினேன். மாஸ்டர் போனிலிருந்து தேன்மொழி.

"அத்தை, எங்க இருக்கீங்க?"

"ஆனைக்கா கோயில்லம்மா."

அதை அவள் மாஸ்டரிடம் சொல்வது கேட்டது.

"அத்தை, அது ஹீட்ஸ். ஃபைனல் ஒரு மணிக்கு."

"அப்ப ஜெயிச்சியே?"

"அது ஜெயிக்கல அத்தை. ஜெயிக்கிறதுக்கு ஓடுறதுக்காக ஓடுனது."

செருப்புக் காவல் அம்மாளிடமிருந்து பையை வாங்கிக்கொண்டேன்.

"ஷூ எங்க?"

"இந்தா, கையிலதான் இருக்கு."

"நம்பரு?"

"அம்பாள் காலடியில."

மெதுவாக, ரொம்ப மரியாதையாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "நம்பர விட்டுடுங்க அத்தை. ஷூவ மட்டும் எடுத்துக்கிட்டு உடனே ஒரு ஆட்டோ பிடிச்சு வந்துடுங்க."

அப்போது மணி பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிஷம். ஆட்டோவில் ஏறியிருந்தால் பன்னிரண்டே முக்காலுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருப்பேன். அவள் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. செருப்புக் காவல் அம்மாளுக்குக்கூடக் கேட்டது. "போங்கக்கா, போங்க" என்றாள். வாசலில் ஆட்டோவும் நின்றது. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

வைத்து எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வைத்தாயிற்று. எடுக்காமல் போனால்? குமாரின் ஹால் டிக்கெட்டைப் பிள்ளையார் காலடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் அவன் என்ன பரீட்சை எழுதியிருப்பான்? நம்பர் அங்கே இருந்தால் அவள் ஜெயிப்பும் அங்கேயே அல்லவா தங்கிவிடும்? பத்து நிமிஷம்தானே என்று தூக்கிய காலைக் கீழே இறக்கி, பையை மறுபடி அந்த அம்மாளிடம் கொடுத்தேன்.

பத்து நிமிஷம் இல்லை. பூஜை அதன் நேரத்தில்தான் நடக்கும். என் மருமகளுக்கு ஒரு மணிக்கு ஃபைனல் என்று அம்பாளிடம் யார் போய்ச் சொல்வது? சன்னதி ஓரம் நின்றிருந்த ஒருவரிடம் கேட்டேன், திரை எப்போது திறக்கும் என்று. எல்லாம் முறையாக முடிந்த பிறகு என்றார். நான் ஒற்றைக் காலில் மாற்றி மாற்றி நின்றேன். கும்பிட்டேன். மணி கேட்டேன். திரும்பக் கும்பிட்டேன். குங்குமமும் ஒரு முழம் மல்லிகையுமாக 217 என் கைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது.

அப்புறம் நான் ஓடினேன். கோயில் வாசலில் பையை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து ஆட்டோ வரைக்கும். அந்த ஓட்டத்தை யாராவது அளந்திருந்தால் நானும் ஒரு கப் வாங்கியிருப்பேன். ஆட்டோக்காரத் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஓட்டிய ஓட்டுக்குக் காவிரிப் பாலமே எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடியிருந்தேன். மைதானத்து வாசலில் காவலாளி மறித்து, பாஸ் இருக்கிறதா என்றார். என்னிடம் என்ன பாஸ் இருக்கிறது? 217ஐ நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தோள் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஷூவைப் பார்த்தார்.

"நீங்க எதுலம்மா ஓடுறீங்க?"

அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் வழி விட்டார்.

ஃபைனல் முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

தேன்மொழி புல்தரையில் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் வெள்ளைக் காகிதத்தில் மை பேனாவால் எழுதிய 217, பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. ஊக்கு இல்லையாம். (இருந்த நாலும் என் தாலிக்கொடியில் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன.) ஆக, நம்பர் ஒரு பிரச்சனையே இல்லை. ஒரு காகிதமும் பேனாவும் போதுமாயிருந்தது. ஷூவைத்தான் யாராலும் எழுத முடியவில்லை. மாஸ்டர் தயார் செய்த, ஹீட்ஸோடு நின்றுவிட்ட அந்தச் சின்னப் பெண்ணுடைய ஷூவைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஒரு அளவு சின்னது. பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தமாக இருந்தது.

மூன்றாவது. இரண்டாவது வந்தவளுக்கும் இவளுக்கும் ஒரு சாண் இருந்திருக்கும் என்றார் மாஸ்டர். அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஷூவை ஒரு கையிலும், குங்குமமும் மல்லிகையுமாக நம்பரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றேன். வாய்க்கு வந்தது ஒன்றுதான்.

"பழம் சாப்பிடுறியாம்மா? ரெண்டு நான் தின்னுட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பழத்தை வாங்கிக்கொண்டாள். உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸில் குமார் ஒரே ஒரு தடவை, "ஒரு பை. பாத்துக்கன்னுதானம்மா சொன்னேன்" என்றான். விஷயத்தைப் போனில் கேட்ட என் வீட்டுக்காரர் மட்டும், "ஏண்டி, நம்பர எடுத்துட்டு வந்தியா இல்லியா?" என்று கேட்டார். எடுத்துவந்தேன் என்றேன். "அப்ப சரி" என்றார். அவர் ஒருவருக்குத்தான் என் கட்சி புரிந்தது. நான் முசிறிக்குக் கிளம்பத் துணியை எடுத்து வைத்தேன். தேன்மொழி கால்விரலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? நாளைக்கு இருநூறு இருக்கு அத்தை."

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மாஸ்டர் சும்மா இருக்கட்டும் என்று அதற்கும் பேர் கொடுத்து வைத்திருந்தாராம். அவளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது, வளைவு வரும் என்று பயம். நகம் பெயர்ந்த காலோடு ஓட வேண்டுமா, பேசாமல் இன்றோடு நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறாள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"அப்ப இன்னும் முடியலியா?"

அவள் குனிந்து கால்விரல் கட்டை இறுக்கிவிட்டாள். பிறகு, "இல்ல போலிருக்கு அத்தை" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மைதானத்தில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவள்தான். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. நாலு ஊக்கு புதிதாக, இன்னும் நாலு உபரியாகத் தாலிக்கொடியில். காலையில் ஹீட்ஸ் ஓடினாள், முதலாவதாக வந்தாள், எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. இனிமேல் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. மதியம் ஃபைனல். விரலில் கட்டு, அதற்கு மேல் அவளுடைய சொந்த ஷூ. வளைவில் வரும்போது நாலாவதாக இருந்தாளாம். நேர்கோட்டுக்கு வந்தபோது என்ன நடந்தது என்று தெரியவில்லை. துப்பாக்கிக்கு மூடிய கண்ணை அப்போதுதான் திறந்தேன். மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு வந்தாள்.

மாஸ்டர் மண்ணில் உட்கார்ந்து அழுதார். தேன்மொழி நேராக என்னிடம் ஓடிவந்தாள்.

"அத்தை, முடிஞ்சுது. நான்தான் ஃபர்ஸ்ட்."

"இருக்கட்டும். இன்னும் எத்தன இருக்கு?"

"இல்ல அத்தை, இதுதான் ஃபைனல்."

"நேத்தும் அப்படித்தான் நெனச்சேன்."

பையை நான் விடவில்லை. அவளை மேடையில் நிற்க வைத்துக் கழுத்தில் மெடலைப் போட்ட பிறகும் விடவில்லை. மைதானத்து ஆட்கள் கயிற்றைச் சுருட்டி, சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் எழுந்தேன். கால் மரத்துப்போய், இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். ஒருத்தி மாநிலத்திலேயே வேகமானவள்.

அதற்கப்புறம் அவள் நூறு ஓடவே இல்லை. இருநூறுதான். எட்டு வருஷம் ஓடினாள். எத்தனை ஊர், எத்தனை மெடல் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. எங்கள் வீட்டு அலமாரியும் இப்போது பாத்திரக்கடை மாதிரிதான் இருக்கிறது. ஒரு தடவை பேட்டி எடுக்க வந்த பெண், நூறிலிருந்து இருநூறுக்கு மாறியதற்கு யார் காரணம் என்று கேட்டாள். தேன்மொழி கூசாமல், "எங்க மாமியார்தான்" என்றாள். மேற்கொண்டு சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாளாம். அந்தப் பெண் அதை அப்படியே பேப்பரில் போட்டுவிட்டாள். மருமகளின் திறமையைக் கண்டுகொண்டு பாதையை மாற்றிய மாமியார் என்று. என் போட்டோவோடு. எங்கள் ஊரில் ஒருவர் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, "அக்கா, இவ நூறுக்கு லாயக்கா, இருநூறுக்கு லாயக்கா, ஓட விட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்று மோட்டார் கொட்டகை முன்னால் நிறுத்திவிட்டார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

வீட்டில் இன்றுவரை ஓயவில்லை. எது நல்லபடியாக முடிந்தாலும் குமார் என்னைப் பார்த்து, "ஏம்மா, இது ஹீட்ஸா, ஃபைனலா?" என்பான். பேத்தி பிறந்து ஆஸ்பத்திரியில் தொட்டிலில் போட்டபோதும் கேட்டான். எனக்குக் கண் ஆபரேஷன் ஆகிக் கட்டுப் பிரித்தபோதும் கேட்டான். (இன்னொரு கண் பாக்கி இருந்ததால் ஹீட்ஸ் என்றேன்.)

நாலு வருஷத்துக்கு முன்னால், இதே திருச்சியில், அதே மைதானத்தில் தேன்மொழி கடைசியாக ஓடினாள். கடைசி என்று முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். பேத்தி என் மடியில், பை என் தோளில். இரண்டாவதாக வந்தாள். மூச்சு வாங்க வந்து நின்று, நெஞ்சிலிருந்த நாலு ஊக்கையும் அவளே கழற்றி என் கையில் கொடுத்தாள். நம்பரையும் கொடுத்தாள்.

"இதுக்கு மேல இல்ல அத்தை. இப்பக் கொண்டு போங்க."

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். மணி பதினொன்றுதான். ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தால் உச்சிக்காலத்துக்கு முன்னால் போய்விடலாம்.

நான் போகவில்லை. மாஸ்டரிடம் போய், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நானே போய், நிஜமாகவே முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்றார். இருந்தாலும் சாயங்காலம் கயிற்றைச் சுருட்டும் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள்தான் திருவானைக்காவல் போனேன். ஷூவையும் கூட்டிக்கொண்டுதான். வாசலில் அதே அம்மாள் பையை வாங்கிக்கொண்டு, "இன்னைக்குப் போன் வராதேக்கா?" என்று கேட்டாள்.